பிரிஸ்டலில் வேலை கிடைத்தால் போகலாமா?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஹார்ட்ஃபோர்டில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கன்சல்டன்சி மூலம் வேலை, எச்-1பி என்ற வேலை விசா, வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. இப்போது பக்கத்திலேயே பிரிஸ்டலில், விளையாட்டுச் சானலான ஈஎஸ்பிஎன் அலுவலகத்தில் ஒரு வாய்ப்பு வருகிறது. உடன் வேலை பார்ப்பவர்களோ, "பார்க்கிற கூட்டமும் குறைந்துவிட்டது, அடிக்கடி ஆட்குறைப்பும் செய்கிறார்கள், போகாதே" என்கிறார்கள். அரசியல் பேசிப் பேசியே அந்தச் சானல் கெட்டது என்று ஒருவர் அடித்துச் சொன்னாராம். இதற்கிடையில் கதவைத் தட்டிய கேபிள் ஏஜென்ட் டிவி, இன்டர்நெட், போன் மூன்றையும் சேர்த்து ஒரு திட்டத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார். வேலைக்குப் போகலாமா, கேபிள் வாங்கலாமா என்று இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது. அந்த ஏஜென்டிடம் உங்களைப் போன்றவர்கள் "வேண்டாம்" என்று சொல்லத் தொடங்கியதுதான் பிரிஸ்டலில் ஆட்குறைப்பு வந்ததற்கு முதல் காரணம்.

ஈஎஸ்பிஎன் 1979 செப்டம்பரில் இதே பிரிஸ்டலில் தொடங்கியது. 1996-லிருந்து டிஸ்னியின் கையில் இருக்கிறது. ஹர்ஸ்ட் நிறுவனத்துக்கும் அதில் பங்கு உண்டு. நம்மில் பலர் அந்தச் சானலை விளம்பரத்தில் வாழ்வது என்றே நினைக்கிறோம். விளம்பர வருமானம் உண்டுதான். ஆனால் அதைப் பெரிய ஆளாக்கியது கேபிள் கட்டணத்தில் அதற்குக் கிடைத்த பங்கு. கேபிள் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் மாதாமாதம் இவ்வளவு என்று கேபிள் நிறுவனம் சானலுக்குக் கொடுத்தாக வேண்டும். அந்த வீட்டில் யாராவது ஒரு போட்டியையாவது பார்த்தார்களா என்பது கணக்கிலேயே இல்லை. தேர் பார்க்க வராத வீட்டிலும் தலைக்கட்டு வரி வாங்கிவிடுவது போலத்தான். வேறு எந்தச் சானலுக்கும் இவ்வளவு பெரிய வரி இல்லை. பல சானல்கள் வீட்டுக்குச் சில சென்ட்டுகள் வாங்கிய நாட்களில், இது 7 டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தது.

2011 வாக்கில் அமெரிக்காவில் சுமார் 10 கோடி வீடுகள் இந்தச் சானலுக்குப் பணம் கட்டின. 2017-ல் அது 9 கோடிக்கும் கீழே வந்தது. 2020-களின் நடுவில் 7 கோடிகூட இல்லை. வீட்டுக்கு 7 டாலர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு கோடி வீடுகள் கழன்றால் ஆண்டுக்கு 84 கோடி டாலர் போய்விடும். இப்படிக் கழன்றவர்களில் பெரும்பாலோர் விளையாட்டைக் கைவிட்ட ரசிகர்கள் என்று நான் நினைக்கவில்லை. சமையல் நிகழ்ச்சியும் பழைய தொடரும் பார்த்துக்கொண்டிருந்த வீடுகள், பில்லைப் பார்த்து அலுத்து, நெட்ஃப்ளிக்ஸ் ஒன்று போதும் என்று கேபிளை அறுத்துவிட்டன. வெறிகொண்டு பார்க்கிற ரசிகர் இன்னமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். பார்க்காமலே பணம் கட்டிக்கொண்டிருந்த கூட்டம்தான் போய்விட்டது. "பார்வையாளர் குறைகிறார்கள்" என்று செய்தியில் வரும்போது அது பல நேரங்களில் சந்தாதாரர் கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 2015 ஆகஸ்டில் டிஸ்னியின் தலைவர் பாப் ஐகர் இந்தச் சந்தாச் சரிவைக் கொஞ்சம் அடக்கி வாசித்தபடிதான் ஒப்புக்கொண்டார். அதற்கே மறுநாள் டிஸ்னி பங்கு 9 சதவீதம் அளவுக்கு விழுந்தது.

அரசியல் காரணம் பற்றி. உங்கள் நண்பர் சொன்னதை அலுவலக மதிய உணவு மேசைகளில் நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். 2016-ல் அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக் தேசிய கீதத்தின்போது மண்டியிட்டதும், அதைச் சானல் ஓயாமல் விவாதித்ததும், 2017-ல் தொகுப்பாளர் ஜெமெல் ஹில் அதிபர் டிரம்ப்பைப் பற்றி எழுதியதும் பலருக்குக் கசப்பை உண்டாக்கின. எரிச்சலில் சானலை மாற்றியவர்கள் இருக்கலாம். ஆனால் அதே ஆண்டுகளில் அரசியல் வாடையே இல்லாத சானல்களும், கார்ட்டூன் சானல்களும்கூட, சந்தாதாரர்களை இழந்தன. கேபிளை ரத்து செய்கிறவர் ஒரு சானலை மட்டும் தனியாகப் பிடுங்கி எறிய முடியாது. மொத்தக் கொத்தும் போகும். சரிவு தொடங்கியதும் கேப்பர்னிக் மண்டியிடுவதற்கு முன்பே. எனவே அந்த வாதத்தை மேசையிலேயே விட்டுவிடுங்கள். புதிதாக வந்தவர் அலுவலகத்தில் அந்தப் பேச்சில் தலையிடாமல் இருப்பது வேறு வகையிலும் நல்லது.

வரவு குறையும்போது செலவு சும்மா இருந்திருந்தால் சமாளித்திருக்கலாம். இங்கேதான் சிக்கல். போட்டிகளை ஒளிபரப்பும் உரிமையை லீக்குகள் பல ஆண்டு ஒப்பந்தமாக விற்கின்றன. திங்கள் இரவு அமெரிக்கக் கால்பந்துக்காக 2011-ல் ஈஎஸ்பிஎன் போட்ட ஒப்பந்தம் ஆண்டுக்குச் சுமார் 190 கோடி டாலர். 2014-ல் கூடைப்பந்து லீக்கான என்பிஏ, ஈஎஸ்பிஎன்னோடும் டர்னர் என்ற இன்னொரு சானல் நிறுவனத்தோடும் சேர்த்து 9 ஆண்டுகளுக்கு 2,400 கோடி டாலருக்குக் கையெழுத்து வாங்கியது. சந்தா ஏறிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கையில் போட்ட கையெழுத்துகள் இவை. அந்த நம்பிக்கை பொய்த்த பிறகும் விலை இறங்கவில்லை, ஏனென்றால் வாங்க வந்தவர்கள் கூடிவிட்டார்கள். வியாழன் இரவுக் கால்பந்து 2022-லிருந்து அமேசானிடம். ஞாயிறு மதியப் போட்டிகளின் கட்டணத் தொகுப்பு 2023-லிருந்து யூடியூப்பிடம். 2024-ல் என்பிஏ மறுபடி ஏலத்துக்கு வந்தபோது டிஸ்னி, என்பிசி, அமேசான் மூன்றுமாகச் சேர்ந்து 11 ஆண்டுகளுக்குச் சுமார் 7,600 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. பல காலம் கூடைப்பந்தைக் காட்டிவந்த டர்னர் வெளியே தள்ளப்பட்டது. விளையாட்டுச் சானலிடம் போட்டி இல்லை என்றால் கேபிள் நிறுவனம் அதற்கு எதற்காக அவ்வளவு பெரிய தொகை கொடுக்க வேண்டும்? அதனால் எந்த விலைக்கும் வாங்கித்தான் ஆக வேண்டும்.

லீக்குக்குக் கட்டும் பணத்தில் கைவைக்க முடியாது. கைவைக்கக் கூடியது சம்பளத்தில்தான். 2015 அக்டோபரில் சுமார் 300 பேருக்கு வேலை போனது. 2017 ஏப்ரலில் ஏறத்தாழ 100 பேர். அதில் டிவியில் முகம் தெரிந்த நிருபர்களும் எழுத்தாளர்களும் அதிகம் என்பதால் நாடு முழுக்கப் பேச்சானது. அதே ஆண்டு நவம்பரில் 150 பேர், அநேகமாகத் திரைக்குப் பின்னால் இருந்தவர்கள். 2020 நவம்பரில், கொரோனாவில் போட்டிகளே நின்றுபோன ஆண்டில், 300 பேரை அனுப்பியதோடு நிரப்பாமல் இருந்த 200 இடங்களையும் மூடினார்கள். 2023-ல் டிஸ்னி முழுவதும் 7,000 பேரைக் குறைத்தபோது இங்கேயும் வெட்டு விழுந்தது. ஜெஃப் வான் கண்டி, சூசி கோல்பர் போன்ற நெடுநாள் முகங்கள் அந்தக் கோடையில் போனார்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 190 கோடி டாலரை ஒரு பருவத்தின் 17 திங்கள் இரவுகளுக்குப் பிரித்தால் ஓர் இரவுக்கு 11 கோடி டாலருக்கு மேல் வருகிறது. அந்த ஒப்பந்தத்தில் வேறு உரிமைகளும் அடக்கம் என்றாலும் அளவு புரியும். ஆளுக்கு 5 லட்சம் டாலர் சம்பளம் என்று தாராளமாக வைத்து 100 பேரை அனுப்பினாலும் மிச்சமாவது 5 கோடி. ஒரு போட்டியின் பாதிக்குக்கூடக் காணாது. பங்குச் சந்தைக்கு "நாங்களும் சிக்கனமாக இருக்கிறோம்" என்று காட்டுகிற வேலை இதில் பாதி என்பது என் எண்ணம்.

ஆட்குறைப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் தெருவில், ஈஎஸ்பிஎன்னில் காட்சித் தொகுப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். இரவு 11 மணி ஸ்போர்ட்ஸ்சென்டர் நிகழ்ச்சிக்கு அன்றைய போட்டிகளின் சிறந்த காட்சிகளை நறுக்கித் தருவது அவர் வேலை. ஒரு கூடைப்பந்தாட்டத்திலிருந்து முக்கால் நிமிடத் துண்டு எடுப்பதற்கு முழு ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்த்து, நேரம் குறித்து, எந்தக் கோணம் என்று தேர்ந்து, தொகுப்பாளர் படிக்கும் வரிகளோடு நொடி பிசகாமல் பொருத்த வேண்டும். அவர் வேலை முடித்து வீட்டுக்கு வந்து மகனிடம் அந்தக் கடைசி நொடி வீச்சைப் பற்றிப் பேச்செடுத்தால், "அதை அப்போதே கைப்பேசியில் பார்த்துவிட்டேனே அப்பா" என்பானாம். அந்த நிகழ்ச்சிக்காக ஒரு தலைமுறையே இரவு விழித்திருந்தது. அடுத்த தலைமுறைக்கு அது தேவைப்படவே இல்லை. அதற்குப் பதிலாகச் சானல் பகல் முழுவதும் நாலு பேர் உரக்க வாதம் செய்யும் நிகழ்ச்சிகளை அடுக்கியது. செலவும் குறைவு, கைப்பேசியில் வெட்டிப் பரப்பவும் வசதி. எனக்கு அவை தலைவலி, பிடித்தவர்கள் பார்க்கட்டும்.

இப்போது வேலைக்கு வருகிறேன். உடன் இருப்பவர்கள் சொல்வது போல அந்த நிறுவனம் நாளைக்கே மூடப்போவதில்லை. லாபம் குறைந்திருக்கிறதே தவிர நின்றுவிடவில்லை. பணம் வரும் வழியைத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். 2018-ல் 4.99 டாலருக்கு ஈஎஸ்பிஎன் பிளஸ் வந்தது. ஆனால் பெரிய போட்டிகள் கேபிளிலேயே இருந்தன. 2025 ஆகஸ்டில்தான் கேபிள் இல்லாமலே முழுச் சானலையும் மாதம் 29.99 டாலருக்கு நேரடியாக விற்க ஆரம்பித்தார்கள். அந்த விலையே கதையைச் சொல்கிறது: பார்க்காத வீடுகள் கொடுத்துவந்ததை இனிப் பார்க்கிறவரிடமே வாங்க வேண்டும். நேரடியாக விற்பதற்கு மென்பொருள் ஆட்கள் தேவை. நீங்கள் சொன்ன பணி இந்த ஸ்ட்ரீமிங் பக்கத்தில் என்றால் கொஞ்சம் தைரியமாகப் போகலாம். பழைய ஒளிபரப்பு அமைப்புகளைப் பராமரிக்கும் பணி என்றால் யோசியுங்கள். நேர்காணலில் எந்தக் குழு, அந்தக் குழு எதற்காக இருக்கிறது என்று கேட்பதில் தவறே இல்லை.

அதைவிட முக்கியம், நிறுவனத்தின் நேரடி ஊழியரா, கன்சல்டன்சி வழியாகவா என்பது. ஆட்குறைப்புச் செய்தியில் வரும் எண்ணிக்கை பொதுவாக நேரடி ஊழியர்களுடையது. ஒப்பந்தக்காரரின் பணியை முடிப்பது செய்தியாக வராது. இழப்பீட்டுத் தொகையும் அநேகமாக இருக்காது. எச்-1பியில் வேலை போனால் உங்களுக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம். நீங்கள் எந்தத் தேதிவரை தங்கலாம் என்று சொல்லும் ஐ-94 பதிவு அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். அதற்குள் வேறு நிறுவனம் உங்களுக்காக மனு போட வேண்டும், அல்லது விசா வகையை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், இல்லையேல் கிளம்ப வேண்டும். கிரீன் கார்டு வேலை தொடங்கியிருந்தால் அது எந்த நிலையில் இருக்கிறது என்று வழக்கறிஞரிடம் கேட்காமல் மாறாதீர்கள். சில மாதச் செலவுக்கான பணம் வங்கியில் சேரும்வரை புதுக் கார் பேச்சும் வேண்டாம்.

இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2015-ல் ஆர்லாண்டோவில் டிஸ்னியின் கணினிப் பிரிவில் சுமார் 250 பேர் வேலை இழந்தார்கள். அவர்களில் பலர் தங்கள் இடத்துக்கு வந்த எச்-1பி ஒப்பந்தக்காரர்களுக்குத் தாங்களே பயிற்சி கொடுத்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. பத்திரிகைகளில் பெரிதாக வந்த செய்தி. அந்த ஆண்டுகளைத் தாண்டி வந்தவர்கள் யாரேனும் உங்களிடம் ஆரம்பத்தில் முகம் கொடுத்துப் பேசாவிட்டால் அதை உங்கள் மேல் உள்ள வெறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேபிள் விஷயத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை: கையெழுத்துப் போடாதீர்கள். முன்பு எங்கள் வீட்டில் வைத்திருந்த கேபிள் நிறுவனத்தின் பில்லை இன்னும் மறக்கவில்லை. விளம்பரத்தில் சொன்ன தொகை முதல் வரியில் இருக்கும். அதற்குக் கீழே பெட்டி வாடகை, ஒளிபரப்புக் கட்டணம், மண்டல விளையாட்டுக் கட்டணம், வரிகள் என்று இறங்கிக்கொண்டே போகும். சலுகைக் காலம் முடிந்த மாதம் முதல் வரியே ஏறிவிடும். ரத்து செய்யப் போன் போட்டால் "உங்களுக்காக ஒரு விசேஷத் தள்ளுபடி" என்று அரை மணி நேரம் பிடித்து வைப்பார்கள்.

அமெரிக்கக் கால்பந்தின் பெரும்பகுதி சிபிஎஸ், ஃபாக்ஸ், என்பிசி, ஏபிசி ஆகிய இலவச அலைவரிசைகளில் வருகிறது. ஜன்னலோரம் ஓர் ஆன்டெனா வைத்தால் போதும். வீடு மலைச்சரிவின் மறைவில் இருந்தால் மட்டும் கொஞ்சம் அலைய வேண்டும். கிரிக்கெட்டுக்கு வில்லோ என்ற சானல் தனியாகக் கிடைக்கிறது. ஈஎஸ்பிஎன் வேண்டுமென்றால் பருவம் தொடங்கும் மாதத்தில் சேர்ந்து, முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். இணையவழி டிவிச் சேவைகளிலும் ஆண்டு ஒப்பந்தம் எதிலும் மாட்டிக்கொள்ள வேண்டாம். 2023-ல் சார்ட்டர் என்ற கேபிள் நிறுவனத்தோடு நடந்த கட்டணத் தகராறில் பத்து நாளுக்கு மேலும், 2025 நவம்பரில் யூடியூப் டிவியோடு நடந்ததில் இரண்டு வாரமும், பணம் கட்டிய வீடுகளிலேயே ஈஎஸ்பிஎன் வரவில்லை. இரண்டுமே கால்பந்துப் பருவத்தில் நடந்தவை, இனியும் நடக்கும்.

ஏஜென்ட் திரும்ப வந்தால் இன்டர்நெட் மட்டும் போதும் என்று சொல்லுங்கள். மோடத்தைச் சொந்தமாக வாங்கிக்கொண்டால் அதன் மாத வாடகையும் மிச்சம்.