குழுக் கடன் அறவிட வருபவர் வீட்டுக்குள் வந்து இருந்துகொண்டு மிரட்டினால் என்ன செய்யலாம்?

அக்கா எடுத்த குழுக் கடனில் தவணை பிந்திவிட்டது, அறவிட வருபவர் பொழுதுபட்ட பிறகும் விறாந்தையை விட்டு எழும்புவதில்லை, பொலிஸில் பிடித்துக் கொடுப்பேன் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அக்காவின் பயத்தைப் போக்குங்கள். தவணை கட்டத் தவறியது குற்றம் இல்லை, அது சிவில் விடயம். காசு வேண்டுமென்றால் கம்பனி நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். தவணைக்காகப் பொலிஸ் வந்து யாரையும் ஏற்றிக்கொண்டு போக முடியாது. ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள்: கடனுக்காகக் காசோலை ஏதும் கொடுத்தாரா? கணக்கில் பணமில்லாமல் காசோலை திரும்பினால் 1990ஆம் ஆண்டின் கடன் அறவிடல் சட்டத்தின்படி வேறு கதை, அது குற்றமாகலாம். அப்படியென்றால் உடனே சட்டத்தரணியைப் பாருங்கள்.

மறுபக்கம், அறவிட வருபவர் செய்வதில்தான் குற்றம் இருக்கலாம். வெளியே போங்கள் என்று சொன்ன பிறகும் பயமுறுத்துவதற்காக வளவுக்குள் நிற்பது, மிரட்டுவது, கேவலமாகக் கதைப்பது எல்லாம் தண்டனைச் சட்டக்கோவைக்குள் வரும். பாலியல் தொந்தரவு என்றால் 345ஆம் பிரிவு, ஐந்து வருடம் வரை சிறை. இது எங்கோ நடக்கும் விடயம் இல்லை. 2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொகொஸ்லாவ்ஸ்கி, கடன் அறவிட வருபவர்கள் பெண்களிடம் பாலியல் இணக்கம் கேட்டதாக வந்த முறைப்பாடுகளை வெளிப்படையாகவே சொன்னார்.

நான் எங்கள் ஊர் மாதர் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் ஒழுங்கையில் நடந்ததைச் சொல்கிறேன். கணவனுக்குக் கூலி வேலை இல்லாத கிழமை. அறவிட வந்தவர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். ஒருவர் கட்டாவிட்டால் குழுவில் எல்லாரும் பொறுப்பு என்பதால் மற்றப் பெண்களும் வீட்டுக்குப் போகமுடியாமல் படலையடியில் நின்றார்கள். ஒருத்தி காதுத் தோட்டைக் கழற்றிக் கையில் பொத்தி வைத்திருந்தாள், அடகு வைத்துத் தருகிறேன் என்று. அவர் யாரையும் ஏசவில்லை, சும்மா இருந்தார். அக்கம்பக்கம் பார்க்கிறதே, அந்த வெட்கம் போதும் காசை வரவைக்க. குழுக் கடனில் என்னை மிகவும் நோகவைப்பது இதுதான். பக்கத்து வீட்டுக்காரியையே அறவிடுபவராக மாற்றிவிடுகிறார்கள். நான் ஒரு கொப்பியை எடுத்துப் போய் அவருடைய பெயர், கிளை, வந்த நேரம் எல்லாம் கேட்டு அவர் முன்னாலேயே எழுதினேன். மோட்டார் சைக்கிள் இலக்கத்தையும் எழுதத் தொடங்கியதும் எழும்பிவிட்டார்.

அக்காவும் அதையே செய்யட்டும். திகதி, நேரம், சொன்ன வார்த்தை, பார்த்தவர்கள். தொலைபேசியில் மிரட்டினால் அழைப்புப் பட்டியலையும் குறுஞ்செய்திகளையும் அழிக்கவேண்டாம். அப்புறம் கிளை மனேஜருக்கு ஒரு கடிதம், பதிவுத் தபாலில். நடந்ததை எழுதி, ஒப்பந்தப் பிரதியையும் இதுவரை கட்டிய கணக்கையும் தமிழில் கேளுங்கள். மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். கட்ட மனமில்லாதவர் என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லாவிட்டால், மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம். தொலைபேசி இலக்கம் 1935. மத்திய வங்கி 2023இல் கொண்டுவந்த நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் அதன் கீழுள்ள நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும். நிதியியல் குறைகேள் அதிகாரியிடமும் செலவில்லாமல் முறையிடலாம். ஆனால் கடன் கொடுத்த கம்பனி மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா என்று முதலில் பாருங்கள், பட்டியல் அவர்களுடைய இணையத்தளத்தில் இருக்கிறது. கம்பனியாகப் பதிந்துவிட்டு அனுமதி இல்லாமல் கடன் கொடுக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். அப்படியானவர்கள் என்றால் அதையும் முறைப்பாட்டில் எழுதுங்கள். மிரட்டலுக்கு உடனடி வழி எப்படியும் பொலிஸ்தான்.

பொலிஸ் நிலையத்தில் பெண்கள் சிறுவர் பிரிவைக் கேளுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். வாசித்து விளங்காத தாளில் அக்கா கையெழுத்து வைக்கக்கூடாது. முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். “கடன் எடுத்தால் கட்டத்தானே வேணும்” என்று சொல்லித் திருப்பி அனுப்பப் பார்த்தால், கடனைப் பற்றி முறையிட வரவில்லை, மிரட்டலைப் பற்றித்தான் வந்தேன் என்று நிதானமாகச் சொல்லட்டும். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையம் இருக்கிறது. பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் இணக்கசபையிலிருந்து கடிதம் வந்தால் பயப்படாமல் போகலாம். இரண்டு பக்கமும் சம்மதித்தால்தான் அங்கே இணக்கம், முடியாத தொகைக்குத் தலையாட்டத் தேவையில்லை.

வட்டியையும் பாருங்கள். 2018இல் அரசாங்கம் இப்படியான சிறு கடன்களுக்கு, அதாவது நுண்கடனுக்கு, வருடத்துக்கு 35 வீதம் என்று உச்சவரம்பு அறிவித்தது. அதற்கு முன்பு எடுத்த கடன்களில் அதைவிட எவ்வளவோ கூடுதலாக வாங்கினார்கள். கிழமைத் தவணையாகச் சொல்லும்போது வருட வட்டி கண்ணுக்குத் தெரியாது, கொப்பியில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம்: இந்தத் தவணையைக் கட்ட இன்னொரு கம்பனியில் லோன் எடுப்பது. அவசரம் என்றால் உங்கள் ஊர்ச் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் முதலில் கேளுங்கள். கட்டும் காசு எதுவானாலும், நூறு ரூபாயானாலும், பற்றுச்சீட்டு வாங்காமல் கொடுக்கவேண்டாம்.