அம்மா பெயரில் விழுந்த இரண்டு ட்யூ

கேள்வி: எனக்கு ஊர் பாம்பன், வயது 24. விசைப்படகில் பங்குக்குப் போகிறேன். சொந்தமாக வல்லப் படகும் இன்ஜினும் வாங்க வங்கியில் கேட்டேன். என் பெயரில் இதுவரை கடனே இல்லாததால் சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) வரவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பைக் லோன்கூட அம்மா பெயரில்தான். நான்தான் கட்டுகிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் இரண்டு ட்யூ தள்ளிப்போனது, ஜூலையில் சேர்த்துக் கட்டிவிட்டேன். மெசேஜ் எல்லாம் என் போனுக்குத்தான் வரும். அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். அவருக்கும் இந்த முறை குழுவில் கடன் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டுக்கே ராசி இல்லை போல. புதிதாக நல்ல ஸ்கோர் உண்டாக்க என்ன வழி?

பதில்: தம்பி, ராசியின் மேல் பழியைப் போடாதீர்கள். அம்மாவுக்கு ஏன் கடன் கிடைக்கவில்லை என்பதற்கான பதில் உங்கள் கடிதத்திலேயே, நாலு வரி முன்னால் இருக்கிறது. எழுதிய உங்களுக்கே அது கண்ணில் படவில்லை.

கட்டியது நீங்கள் என்றாலும் கடன் அம்மாவுடையது. இரண்டு ட்யூ தவறியது அவர் கணக்கில்தான் ஏறியிருக்கும். ஜூலையில் சேர்த்துக் கட்டியதால் பாக்கி தீர்ந்தது, பதிவு தீரவில்லை. எந்த மாதம் எத்தனை நாள் தாமதம் என்று சிபில் அறிக்கையில் 36 மாதம் வரை நிற்கும். குழுக்கடன் கொடுக்கும் கம்பெனிகளும் ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் தனித்தனியாகத் தட்டிப் பார்த்த பிறகுதான் கையெழுத்து வாங்குகிறார்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கிப் பாறையில் பாசி பறிக்கிற பெண், குழுவில் பத்துப் பேர் முன்னால் 'உனக்கு மட்டும் இல்லை' என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார். காரணம் அவருக்குத் தெரியாது. தெரிவித்த மெசேஜ் உங்கள் பாக்கெட்டில் இருந்தது.

'தள்ளிப்போனது' என்று எழுதுகிறீர்கள். தானாகவா தள்ளிப்போனது? புயல் சொல்லாமல் வரும். தடைக்காலம் அப்படியா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் என்று பாம்பனில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாசியிலும் பங்குனியிலும் பங்குப்பணம் கைக்கு வந்தபோதே இரண்டு ட்யூவை அம்மா கணக்கில் போட்டு வைத்திருக்கலாம். பிள்ளைக்காகக் கையெழுத்துப் போட்டவளின் பெயரைக் காப்பாற்றுவது பிள்ளையின் கடமை. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

அதனால் முதல் வேலை உங்கள் ஸ்கோர் இல்லை. அம்மாவின் பான் எண்ணை வைத்து அவருடைய அறிக்கையை எடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கை இலவசம். கட்டிய பிறகும் பாக்கி என்று காட்டினால் ரசீதோடு திருத்தம் கேளுங்கள். உண்மையிலேயே தாமதமானது அந்த 36 மாதத்துக்கு அழியாது. காசு கொடுத்தால் அழித்துத் தருகிறேன் என்று எவராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். இனி ஒவ்வொரு ட்யூவையும் தேதிக்கு முன்னால் கட்டக் கட்டத்தான் அந்தப் பெயர் மெல்லத் தேறும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வழி லேசானதுதான். உங்கள் பெயரில் பத்தாயிரமோ இருபதாயிரமோ வைப்புத்தொகை போட்டு, அதன்மேல் கொடுக்கும் கிரெடிட் கார்டைக் கேளுங்கள். டெபாசிட் ஈடாக இருப்பதால், ஸ்கோர் இல்லாதவருக்கும் பல வங்கிகள் தருகின்றன. வரம்பு பத்தாயிரம் என்றால் மூவாயிரத்துக்கு மேல் போகாமல் டீசலுக்கும் மளிகைக்கும் தேய்த்துவிட்டு, கெடு தேதிக்கு முன் முழுத்தொகையும் கட்டுங்கள். 'மினிமம் ட்யூ' என்று ஒரு சின்னத் தொகை காட்டுவார்கள். அதைக் கட்டினால் தாமதம் என்று பதிவாகாது, ஆனால் மீதிக்கு ஏறும் வட்டி கந்துவட்டியை நினைவுபடுத்தும். ஆறு மாதம் போல இப்படி ஓட்டினால் ஸ்கோர் தலைகாட்டும். 300 முதல் 900 வரை உள்ள கணக்கில் 750-ஐத் தாண்டினால் வங்கியில் முகம் கொடுத்துப் பேசுவார்கள். அதுவரை நாலு இடத்தில் லோன் கேட்டு எழுதிப் போடாதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் பதிவாகும்.

வல்லம் உங்கள் பெயரில் பதிவாகி லைசென்சும் வந்த பிறகு, மீனவர்களுக்கான கிசான் கிரெடிட் கார்டைக் கேளுங்கள். 2018-19-லிருந்து மீனவர்களுக்கும் உண்டு. ஒழுங்காகக் கட்டுபவருக்கு 2 லட்சம் வரை வட்டி 4 சதவீதம்தான். அம்மாவின் பைக் லோனில் செய்ததை அதிலும் செய்தால், அந்த 4 உங்களுக்குக் கிடைக்காது.

கடலுக்குப் போகாத ஒரு நாளில் அம்மாவை உட்கார வைத்து, பைக் லோன் கம்பெனியிலிருந்து வந்த மெசேஜ்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுங்கள். மே மாதத்தது, ஜூன் மாதத்தது, இரண்டையும். அப்புறம் லோன் கணக்கில் உங்கள் நம்பரை எடுத்துவிட்டு அவர் நம்பரைப் பதிய வையுங்கள்.