"கையெழுத்து மட்டும் போட்டால் போதும்" என்கிறார் முதலாளி

கேள்வி: கோவையில் பம்ப், வால்வு தயாரிக்கும் கம்பெனியில் ஒன்பது வருடமாக எக்ஸ்போர்ட் டாக்குமெண்டேஷன் பார்க்கிறேன். படிப்பு பி.காம். ராணுவத் தளவாடங்களுக்கு உதிரி பாகங்கள் செய்ய இப்போது வெளிநாட்டு ஆர்டர் வந்திருக்கிறது. என்னை 'கம்ப்ளையன்ஸ் ஆபீசர்' ஆக்குகிறாராம் முதலாளி. "பெரிய வேலை ஒன்றும் இல்லைம்மா, கையெழுத்து மட்டும் போட்டால் போதும்" என்கிறார். அப்பாவோ, ஆயுத விவகாரம், வம்பில் மாட்டிக்கொள்வாய் என்கிறார். ஏற்கலாமா?
— பெயர் வேண்டாம், கோவை

பதில்: ஏற்கலாம். ஆனால் முதலாளி சொன்ன அந்த ஒரு வரிதான் எங்கேயோ உதைக்கிறது. ஷிப்பிங் பில்லில் பிழை வந்தால் சுங்க ஏஜென்டான சிஎச்ஏ-வை நாலு முறை அலையவிட்டுத் திருத்திவிடலாம். இங்கே, போன சரக்கு போனதுதான்.

நம் நாட்டில் அனுமதி வாங்காமல் ஏற்றுமதி செய்யக் கூடாதவற்றின் பட்டியலுக்குப் பெயர் ஸ்கோமெட். ஆயுதம் மட்டுமல்ல, சாதாரணத் தொழிலுக்கும் ஆயுதத்துக்கும் பயன்படக்கூடிய பொருள், கருவி, தொழில்நுட்பம் எல்லாம் அதில் வரும். பெரும்பாலும் அனுமதி தருவது டிஜிஎஃப்டி என்ற வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம். ராணுவத் தளவாடங்கள் அடங்கிய ஆறாம் பிரிவுக்குப் பாதுகாப்பு உற்பத்தித் துறையின் அனுமதி வேண்டும்.

சுங்கத்துக்காகச் சரக்கை வகை பிரிக்கும், உங்களுக்குப் பழகிய ஹெச்எஸ் கோடு இதற்கு உதவாது. ஒரே கோடில் வரும் இரண்டு வால்வுகளில் ஒன்று பட்டியலில் இருக்கும், மற்றது இருக்காது. திரவம் படும் பாகம் என்ன உலோகக் கலவை, என்ன அளவு என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ரசாயன ஆயுதம் பரவுவதைத் தடுக்கும் ஆஸ்திரேலியா குழுமத்தில் இந்தியா 2018 ஜனவரியில் சேர்ந்தது. அரிப்பைத் தாங்கும் சிலவகைப் பம்புகளும் வால்வுகளும் அதன் பட்டியலில் உண்டு. அதனால் புது ஆர்டர் இருக்கட்டும், இத்தனை வருடம் நீங்கள் அனுப்பிய சரக்கையே முதலில் புரட்டிப் பாருங்கள். தனியாக வேண்டாம். டிசைன் இன்ஜினியர் ஒருவர் உங்களோடு உட்கார்ந்து, எது பட்டியலில் வரும், எது வராது என்று எழுத்தில் தர வேண்டும்.

அப்புறம் டிராயிங். பெட்டி கட்டி அனுப்பினால்தான் ஏற்றுமதி என்று நினைக்கிறோம். அமெரிக்காவில் டென்னசி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே. ரீஸ் ராத் எந்தப் பெட்டியையும் கப்பலில் ஏற்றவில்லை. விமானப்படைக்காகச் செய்த டிரோன் ஆராய்ச்சியின் தொழில்நுட்ப விவரங்களைச் சீன, ஈரானிய மாணவர்கள் கையாள விட்டார். சில விவரங்களுடன் சீனாவுக்கும் போய்வந்தார். 2008-இல் குற்றவாளி என்று தீர்ப்பானது, நான்கு வருடச் சிறை. அமெரிக்க கம்பெனி தரும் ராணுவ டிராயிங் என்றால் ஐடார் என்ற அவர்களுடைய ஆயுத ஏற்றுமதி விதியும் கூடவே வரும். அதை பீளமேட்டில் ஜாப் ஒர்க் பட்டறைக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவது நம் ஊர்ப் பழக்கம். அந்தப் பட்டறையின் பெயர் அனுமதியில் இல்லாவிட்டால் உள்ளூருக்குள் அனுப்பியதும் மீறல்தான். அப்பாவின் பயம் கொஞ்சம் அளவு கூடியதே தவிர, வீண் இல்லை.

நானும் ஒரு காலத்தில் ஷிப்பிங் செக்ஷனில் குப்பை கொட்டியவன். ஒரு பார்ட்டி முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பினார். மெஷினைப் பொருத்தித்தர ஆள் வேண்டாம், வாரண்டியும் வேண்டாம் என்றார். இப்படியொரு கஸ்டமரா என்று ஆபீஸே குதூகலித்தது, நானும்தான். அந்த மெஷின் யார் கையில், எதற்காக ஓடப்போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்று அந்தக் கேள்வியைக் கேட்பதுதான் உங்கள் வேலை. பொருளை யார், எதற்குப் பயன்படுத்துவார் என்று வாங்குபவர் எண்ட் யூசர் சர்டிஃபிகேட்டில் எழுதித் தருவதை ஃபைலில் செருகிவிடாமல், அந்த முகவரியில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

சேர்வதற்கு முன் முதலாளியிடம் ஒன்று கேளுங்கள். நீங்கள் வேண்டாம் என்றால் லாரி கேட்டைத் தாண்டாது என்பது நியமன ஆர்டரில் இருக்க வேண்டும். மாதக் கடைசியில் மார்க்கெட்டிங் மேனேஜர் கத்தினாலும் சரி, முதலாளியே ஃபோன் செய்தாலும் சரி. மழுப்பினால், பழைய நாற்காலியே போதும் என்று சொல்லிவிடுங்கள். எழுதித் தந்தால் கையோடு சம்பளத்தையும் பேசி முடியுங்கள். கையெழுத்து மட்டும்தானே என்று அதிலும் குறைக்கப் பார்ப்பார்.