இரண்டு சர்வர் கிளஸ்டர்: இரண்டுமே பிரைமரி ஆகிவிட்டது

வணக்கம். ஸ்விட்ச் ரீஸ்டார்ட் ஆன இரண்டு நிமிடத்தில் இரண்டு சர்வரும் பிரைமரி (எழுதும் பொறுப்பில் உள்ள முதன்மை சர்வர்) ஆகி போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் எழுதிவிட்டன, இப்போது இரண்டின் டிஸ்க்கையும் ஒன்றுபோல் வைத்திருக்கும் டிஆர்பிடி இணைய மறுக்கிறது என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். எழுதுவதை நிறுத்திவிட்டு, இரண்டிலும் தனித்தனியாக டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்) எடுத்து வையுங்கள். டிஆர்பிடியை மறுபடி இணைக்க ஒரு பக்கத்துக்கு ‘டிஸ்கார்ட் மை டேட்டா’ (என் மாற்றங்களைத் தூக்கிப் போடு) கொடுத்தால் அந்த இரண்டு நிமிடத்தில் அங்கே விழுந்த ஆர்டர்கள் போய்விடும்.

நீங்கள் ஒட்டிய கான்ஃபிகில் ஸ்டோனித் (பதில் வராத சர்வரைக் கட்டாயமாக அணைக்கும் வசதி) ‘ஃபால்ஸ்’ என்று இருக்கிறதே, வேர் அங்கேதான். மூன்று சர்வர் இருந்தால் இரண்டு சேர்ந்து பெரும்பான்மை. இரண்டே இருந்தால், இணைப்பு அறுந்ததும் எதிர்ப்பக்கம் செத்துவிட்டதா, கேபிள்தான் போனதா என்று தெரியாது. அதனால் ஐபிஎம்ஐ (சர்வரைத் தொலைவிலிருந்தே அணைக்க உதவும் வசதி) வழியாக மற்றதை அணைத்து, அணைந்தது உறுதியான பிறகே பொறுப்பேற்க வேண்டும். ஐபிஎம்ஐ கேபிளை மட்டும் அதே ஸ்விட்சில் செருகாதீர்கள். நான் அப்படிச் செருகியிருந்தேன். ஸ்விட்ச் போனதும் அணைக்கவும் வழியில்லாமல் கிளஸ்டர் ராத்திரி முழுக்க அப்படியே நின்றுவிட்டது.

அப்புறம், இரண்டு சர்வரும் ஒன்றையொன்று உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளும் மென்பொருளான கோரோசிங்குக்கு, இரண்டு சர்வருக்கும் நடுவே நேரடிக் கேபிளில் இரண்டாவது லிங்க் கொடுங்கள். பழைய மெஷின் ஒன்று கிடைத்தால் அதில் கியூநெட்டி ஓட்டலாம். அதற்கு டேட்டா தேவையில்லை, பெரும்பான்மைக்காக மூன்றாவது ஓட்டு மட்டும் போடும். எல்லாம் முடிந்ததும், கூட்டமில்லாத நேரத்தில் ஸ்விட்ச் கேபிளைக் கையாலேயே பிடுங்கிப் பாருங்கள். அப்போது வரும் லாகை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.