அழித்தாலும் திரும்பி வரும் சாஃப்ட்வேரை எப்படி ஒழிப்பது?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை நடத்துகிறேன். விண்டோஸ் 10 கணினி. பிடிஎஃப் அளவைக் குறைக்க ஓர் இலவச சாஃப்ட்வேரை இறக்கினோம். அன்று முதல் குரோமில் எதைத் தேடினாலும் வேறொரு தளம் திறக்கிறது. நாங்கள் போடாத ‘கிளீனர்’ ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. திரையின் மூலையில் ‘வைரஸ் தாக்கியது’ என்று எச்சரிக்கை வேறு. அன்இன்ஸ்டால் செய்தாலும் இரண்டு நாளில் திரும்ப வருகிறது. ஃபார்மட் செய்துதான் ஆக வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் தேவைப்படாது. அன்இன்ஸ்டால் செய்தது சாஃப்ட்வேரை மட்டும்தான். அதை மறுபடி இறக்கித் தரும் ஏற்பாடு கணினிக்குள் வேறு இடத்தில் இருக்கிறது. அதையும் எடுத்தால்தான் வேலை முடியும். அதுவரை அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். வாடிக்கையாளரின் பாஸ்வேர்டு, ஓடிபி எதையும் தட்டாதீர்கள்.

முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதியைத் திறந்து, பட்டியலை இன்ஸ்டால் ஆன தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். பிடிஎஃப் சாஃப்ட்வேர் இறங்கிய அதே நாளில் கூடவே இறங்கியவை அடுத்தடுத்துத் தெரியும். அவற்றை ஒவ்வொன்றாக நீக்குங்கள். நீக்கும்போது வரும் பெட்டிகளை நிதானமாகப் படிக்க வேண்டும். ‘வைத்துக்கொள்’ என்பதைப் பெரிய வண்ணப் பொத்தானாகவும், ‘நீக்கு’ என்பதை மங்கலான சிறு எழுத்திலும் வைப்பது இவர்களின் வழக்கம்.

அடுத்ததுதான் முக்கியமானது. ஸ்டார்ட் மெனுவில் டாஸ்க் ஷெட்யூலர் என்று தேடித் திறந்து, இடப்பக்கம் உள்ள லைப்ரரியைச் சொடுக்குங்கள். குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகள் அங்கே வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஆக்‌ஷன்ஸ் பகுதியைப் பாருங்கள். டெம்ப் ஃபோல்டரிலிருந்தோ, ஆப்டேட்டாவுக்குள் பொருளற்ற எழுத்துகளால் பெயரிட்ட ஃபோல்டரிலிருந்தோ ஏதாவது ஓடினால் சந்தேகப்படுங்கள். பிரவுசரை ஓர் இணைய முகவரியோடு திறக்கச் சொன்னாலும் அப்படியே. ஆனால் ஆப்டேட்டாவில் இருப்பதெல்லாம் கெட்டதல்ல. ஒன்டிரைவ் கூட அங்கிருந்துதான் ஓடும். அதனால் உடனே டெலீட் செய்யாமல் டிசேபிள் மட்டும் செய்யுங்கள். ஒரு வாரம் எல்லாம் ஒழுங்காக ஓடினால் அழித்துவிடலாம். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலையும் இதே கண்ணோடு பாருங்கள்.

இனி குரோம். மூலையில் வரும் ‘வைரஸ்’ எச்சரிக்கை பெரும்பாலும் சாஃப்ட்வேரே அல்ல. ஏதோ ஒரு தளத்தில் ‘அலவ்’ அழுத்தியதால் வரும் நோட்டிஃபிகேஷன் அது. சைட் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குப் போய், தெரியாத தளங்களை எல்லாம் நீக்கினால் நின்றுவிடும். அந்த எச்சரிக்கையில் உள்ள போன் எண்ணை ஒருபோதும் அழைக்காதீர்கள். பிறகு எக்ஸ்டென்ஷன்களில் நீங்கள் போடாதவற்றை எடுத்துவிட்டு, ரீசெட் செட்டிங்ஸ் கொடுங்கள். புக்மார்க்கும் சேமித்த பாஸ்வேர்டும் போகாது.

எக்ஸ்டென்ஷனை நீக்க முடியாமல், மெனுவின் அடியில் ‘உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்ற பொருளில் ஒரு வரி தெரிகிறதா? சொந்தக் கடைக் கணினியில் பொதுவாக அது வரக் காரணமில்லை. சில ஆன்டிவைரஸ்களும் அந்த வரியைக் கொண்டுவரும். அதுவும் இல்லையென்றால், நுழைந்த சாஃப்ட்வேர், விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் பாலிசி, அதாவது குரோமுக்கான கட்டாய விதி, எழுதி வைத்திருக்கிறது. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசிஸ், கூகுள், குரோம் என்று இறங்குங்கள். அந்தக் குரோம் கிளையை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு அழியுங்கள். கரன்ட் யூசர் பகுதியிலும் இதே இடத்தைப் பார்க்க வேண்டும். வேறு எதிலும் கை வைக்காதீர்கள். டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் ஷார்ட்கட்டின் பிராப்பர்ட்டீஸில், டார்கெட் வரியின் கடைசியில் ஏதாவது இணைய முகவரி ஒட்டியிருந்தால் அதையும் அழித்துவிடுங்கள்.

இப்போது இணையத்தை இணைத்து, விண்டோஸ் செக்யூரிட்டியை அப்டேட் செய்து ஃபுல் ஸ்கேன் ஓட்டுங்கள். அடுத்து, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே தேடும். ஏறக்குறைய 15 நிமிடம் பிடிக்கும். திறந்திருக்கும் விண்ணப்பங்களைச் சேமித்துவிட்டுத் தொடங்குங்கள். இப்படி ஒட்டிக்கொள்ளும் விளம்பர சாஃப்ட்வேர்களை நீக்கும், மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் இலவச ஆட்வ்கிளீனரையும் ஒருமுறை ஓட்டலாம். அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

விண்டோஸ் செக்யூரிட்டியின் ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோலில் ரெப்யுடேஷன் பேஸ்டு புரொடெக்‌ஷன் என்ற பகுதி இருக்கும். அதில் ‘தேவையற்ற ஆப்’களைத் தடுக்கும் வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அதில் டவுன்லோடைத் தடுக்கும் பகுதி எட்ஜ் பிரவுசருக்குத்தான், குரோமுக்கு உதவாது. கடையில் வேலை செய்பவர்களுக்கு அட்மின் அல்லாத ஸ்டாண்டர்ட் கணக்கு கொடுங்கள். பாஸ்வேர்டு கேட்காமல் கணினி முழுவதற்குமாக எதுவும் இறங்காது.

பிடிஎஃப் அளவைக் குறைக்கத் தனி சாஃப்ட்வேரே வேண்டாம். ஸ்கேன் செய்யும்போதே 300க்குப் பதில் 150 டிபிஐ, கிரேஸ்கேல் வையுங்கள். பிக்சல் எண்ணிக்கை நாலில் ஒன்றாகும். சான்றிதழ் எழுத்து தெளிவாகவே இருக்கும். போட்டோவுக்கு விண்டோஸிலேயே உள்ள பெயின்ட்டின் ரீசைஸ் போதும். பட்டா, டிஎன்பிஎஸ்சி தளங்களை ஒவ்வொரு முறையும் தேடிப் போகாமல், சரியான முகவரியை புக்மார்க்கில் வையுங்கள்.

ஃபார்மட் எப்போது? டிஃபெண்டர் திறக்கவே மறுத்தாலோ, ஆன் செய்தாலும் தானாக அணைந்தாலோ, விண்டோஸுக்கோ போட்டோஷாப்புக்கோ கிராக் போட்டிருந்தாலோ தயங்காதீர்கள். ஆவணங்களையும் படங்களையும் மட்டும் பிரதி எடுங்கள். இன்ஸ்டாலர் எதையும் எடுக்காதீர்கள். எப்படியும் விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருந்து, புராசசரும் ஏற்கப்பட்ட பட்டியலில் இருந்தால், அந்தச் சமயத்திலேயே விண்டோஸ் 11 போட்டுவிடுங்கள். மின்னஞ்சல், வங்கி பாஸ்வேர்டுகளைச் சுத்தமான வேறொரு போனிலிருந்து மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாக்அவுட் கொடுங்கள். பணம் போயிருந்தால் கணினியைத் தொடாமல், முதலில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.