தெலுக் பஹாங் ஆம்பிபாடுகளில் ஆண் குறைவது ஏன்?

வணக்கம். பினாங்கின் தெலுக் பஹாங் கரையில் ஒதுங்கிய சருகுக்கு அடியில் பிடித்த ஆம்பிபாடுகளில் (இறாலைப் போன்ற சிறு ஓட்டுயிரிகள்) பெண்ணே மிகுதி, எண்ணியதில் பிழையா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டுத் தரவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

முதலில் குஞ்சுகளைத் தனியே பிரியுங்கள். பல இனங்களில் ஆணின் இரண்டாம் இணைக்கால் கொடுக்குபோல் பெருத்திருக்கும். இளம் ஆணுக்கு அது பெருத்திருக்காது, பெண் கணக்கில் விழுந்துவிடும். மல்லாத்திப் போட்டு, நுண்ணோக்கியில் ஏழாவது மார்புக் கண்டத்தின் அடியைப் பாருங்கள். இரண்டு நுண்ணிய காம்புகள் நீட்டிக்கொண்டிருந்தால் ஆண். வளர்ந்த பெண்ணுக்குக் கால்களின் அடிப்பகுதியில் முட்டை தாங்கும் தட்டுகள் இருக்கும்.

அதன் பிறகும் பெண்ணே மிகுந்தால், உங்கள் கையில் இருப்பது அருமையான கேள்வி. ஐரோப்பாவின் கம்மாரஸ் டுபேனி என்ற ஆம்பிபாடு இனத்தில் நீண்ட பகலில் வளரும் குஞ்சுகள் பெரும்பாலும் ஆணாகின்றன. பினாங்கில் பகல்பொழுது ஆண்டு முழுவதும் ஒரு மணி நேரம்கூட மாறாது, அதனால் அந்த விளக்கம் இங்கே எடுபடாது. நான் சந்தேகப்படுவது ஒட்டுண்ணியை. அதே கம்மாரஸ் இனத்தில் மைக்ரோஸ்போரிடியா என்ற நுண் ஒட்டுண்ணி முட்டை வழியே தாயிடமிருந்து பரவுகிறது. ஆண் அதற்குப் பயன்படாது, ஆகவே ஆணாக வேண்டியதையும் பெண்ணாக்கிவிடுகிறது.

சில பெண்களை ஃபார்மலினில் போடாமல் 95% எத்தனாலில் வையுங்கள், டிஎன்ஏ சோதனைக்கு உதவும். முக்கா ஹெட்டில் யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) கடலோர ஆய்வு மையம் பக்கத்திலேயே இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.