பீஞ்சமந்தைக் கதை: கொலையாளி இடைவேளைக்குள் மாட்டிக்கொள்கிறான் என்றால்

வணக்கம் நண்பரே. வேலூர் மாவட்டத்துப் பீஞ்சமந்தை மலைக்கிராமத்தில் நடக்கும் உங்கள் சினிமாக் கதையில் கிணற்றில் பிணம், பத்தே நிமிடத்தில் போலீஸ், டாக்டர் இறந்த நேரத்தைத் துல்லியமாகச் சொல்கிறார், கொலையாளி இடைவேளைக்குள் மாட்டிக்கொள்கிறான், அப்புறம் கதை நகரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சிக்கல் அந்த டாக்டரிடம்தான் இருக்கிறது.

எந்தப் பிரேதப் பரிசோதனையும் மணி, நிமிடம் சொல்லாது. தண்ணீரில் கிடந்த உடல் என்றால் கணிப்பு இன்னும் தளர்ந்துவிடும். மூழ்கிய உடல் அழுகி, உள்ளே வாயு சேர்ந்த பிறகுதான் மிதக்கும். வேலூர் வெயிலில் அது ஓரிரு நாளிலேயே நடக்கலாம். மார்கழியில், மலைமேல், ஆழக் கிணற்றின் குளிர்ந்த நீரில் நன்றாகவே தள்ளிப்போகும். கதையைச் சித்திரையிலிருந்து மார்கழிக்கு மாற்றுங்கள். யார் எங்கே இருந்தார்கள் என்ற கணக்கு முழுவதும் குழம்பிவிடும். அடிவாரத்திலிருந்து போலீஸ் மலையேறவும் நேரம் கொடுங்கள்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. சந்தேக மரணம் என்றால், போலீஸ் அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் குறைந்தது இரண்டு பேர் முன்னிலையில் பிணத்தைப் பார்த்து, காயங்களைக் குறித்து அறிக்கை எழுத வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174வது பிரிவு. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 194. ஒத்துக்கொள்கிறவர்கள் அதில் கையெழுத்தும் போடுவார்கள். உங்கள் கொலையாளியை அந்தப் பெரியவர்களில் ஒருவராக்குங்கள். பின்மண்டைக் காயத்தைக் காட்டி, "படிக்கட்டுல இடிச்சிருக்கும் சார்" என்று அவரே சொல்லட்டும்.

பிணம் வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் பிரேதப் பரிசோதனைக்குப் போய், அறிக்கை வரும்வரை அந்த வார்த்தைதான் ஊரில் நிற்கும். இடைவேளையை அங்கே வையுங்கள்.